ஸெபுலான் நோட்டு: மைனர் லீக் ஆட்டக்காரரை எடைபோடுவது எப்படி

2022 ஜூனில், நார்த் கரோலினாவின் ஸெபுலான் மைதானத்தில் உட்கார்ந்து எழுதிய ஒரு பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அமெரிக்க பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீகுக்குக் கீழே, இளசுகள் பழகும் மைனர் லீகில் ஆடும் கரோலினா மட்கேட்ஸ் அணியின் ஆட்டம். எதிரணியின் ஃபர்ஸ்ட் பேஸ்மேனைப் பற்றி முக்கால் பக்கம் எழுதியிருக்கிறேன். நல்ல உயரம், மலை மாதிரித் தோள், கோட்டுக்கு வெளியே போன ஃபவுல் பந்துகூட கார் நிறுத்துமிடத்தில் போய் விழுந்தது, "இவன் மேலே போவான்" என்று அடிக்கோடு வேறு. அதற்குக் கீழே மட்கேட்ஸின் சென்டர் ஃபீல்டரைப் பற்றி ஒரே வரி: "நல்ல வேகம். ஸ்ட்ரைக்அவுட் ஜாஸ்தி. பொறுமை இல்லை."

அந்த சென்டர் ஃபீல்டர் ஜாக்சன் சூரியோ. வெனிசுவேலாக்காரர், அப்போது வயது 18. அடுத்த ஆண்டு டிசம்பரில், மேஜர் லீகில் ஒரு பந்துகூட ஆடியிராத அவருக்கு மட்கேட்ஸின் மேல் கிளப்பான மில்வாக்கி ப்ரூவர்ஸ் 8 ஆண்டுக்கு 82 மில்லியன் டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. 2024-ல், ஒரே சீசனில் 20 ஹோம் ரன், 20 ஸ்டீல் (பந்து வீசும்போதே ஓடி அடுத்த பேஸைத் திருடுவது) இரண்டையும் தொட்டவர்களில் மிக இளையவர் ஆனார். என் மலைத்தோள்காரருக்கு நான் பார்த்த அன்றைக்கே வயது 24. இரண்டு வருடம் கழித்துத் தேடினேன். எந்த அணியின் பட்டியலிலும் ஆள் இல்லை.

நான் ஸ்கவுட் (கிளப்புகளுக்காக ஆட்டக்காரர்களைத் தேடி எடைபோடுகிறவர்) இல்லை. கேரியில் டேட்டாபேஸ் வேலை பார்க்கிறவன். கோயம்புத்தூரில் கிரிக்கெட்டைத் தவிர வேறெதையும் ஆட்டமாகவே மதிக்காமல் வளர்ந்தவன். மகளுக்குப் பள்ளியில் கொடுத்த இலவச டிக்கெட்டில்தான் முதல் முறை மைதானத்துக்குப் போனேன். அப்புறம் அவள் வருவதை நிறுத்திவிட்டாள், நான் நிறுத்தவில்லை. டர்ஹாம் அரைமணி நேரம், ஸெபுலான் முக்கால் மணி நேரம். அந்த ஒரு பக்கத் தப்பில் ஆரம்பித்து இதுவரை கற்றுக்கொண்டதைத்தான் சொல்லப்போகிறேன். பேஸ்பால் விதிகள் ஓரளவுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

வயதைப் பார்த்துவிட்டு உட்காருங்கள்

மேஜர் லீகில் 30 அணிகள். ஒவ்வொன்றுக்கும் கீழே நான்கு அணிகள்: சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, ட்ரிபிள்-ஏ. மொத்தம் 120. அதற்கும் கீழே அரிசோனாவிலும் ஃபுளோரிடாவிலும் பயிற்சி வளாக லீகுகள், டொமினிகன் குடியரசில் ஒரு கோடை லீக். சட்டையில் ஊர்ப்பெயர் இருந்தாலும் ஆட்டக்காரர் மேலே இருக்கிற கிளப்பின் ஆள். டர்ஹாம் புல்ஸ் பையனுக்குச் சம்பளம் கொடுப்பது டாம்பா பே ரேஸ். ஆகவே இங்கே ஜெயிப்பது இரண்டாம்பட்சம். ஒரு பிட்சர் நான்கு இன்னிங்ஸ் ரன்னே கொடுக்காமல் வீசிவிட்டு ஐந்தாவதில் ஆளையே காணோம் என்றால் ஆச்சரியப்பட வேண்டாம். அன்றைக்கு அவருக்கு இத்தனை பந்துதான் என்று மேலிடத்தில் முடிவு செய்திருப்பார்கள்.

சிங்கிள்-ஏயில் சராசரி வயது ஏறத்தாழ 20, 21. ஹை-ஏயில் 22 பக்கம். டபுள்-ஏயில் 23, 24. ட்ரிபிள்-ஏயில் மேலே போய்த் திரும்பி வந்தவர்களும் இருப்பதால் 26, 27 வரை போகும். மைதானத்துக்குக் கிளம்பும் முன்பே இரண்டு அணிகளின் பட்டியலையும் எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே வயதை எழுதிவிடுவேன். இரண்டு வயது குறைந்தவர் அந்த மட்டத்தில் சுமாராக ஆடினாலே பெரிய விஷயம். இரண்டு வயது கூடியவர் பிரமாதமாக ஆடினாலும் பாதியைக் கழித்துக்கொள்ள வேண்டும். பத்தாம் வகுப்புப் பையன் எட்டாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கினால் நாம் இனிப்பா கொடுக்கிறோம்? கல்லூரியில் நாலு வருடம் ஆடிவிட்டு வந்த 24 வயதுக்காரர் 19 வயது பிட்சர்களை விளாசுவதும் அதே கதைதான். என் மலைத்தோள்காரரிடம் நான் ஏமாந்தது சரியாக இந்த இடத்தில்.

பிட்சர்களிடம் இந்தக் கணக்கை இத்தனை கறாராகப் போடக் கூடாது. ஜேக்கப் டிகிராம் கல்லூரியில் ஷார்ட்ஸ்டாப்பாக ஆடியவர். 2010-ல் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 9-வது சுற்றில் நியூயார்க் மெட்ஸ் அணி எடுத்தது. உடனே முழங்கையில் அறுவை சிகிச்சை. மேஜர் லீகில் முதல் பந்து வீசியபோது 26 வயதை நெருங்கியிருந்தார். அதே 2014-ல் சிறந்த புதுமுகம், 2018, 2019 இரண்டு ஆண்டும் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. கை தாமதமாகத் திறக்கும். பேட்டருக்கு அந்தச் சலுகை குறைவு. கேட்சர்கள் இரண்டுக்கும் நடுவில்.

20-லிருந்து 80 வரை

ஸ்கவுட்கள் போடும் மதிப்பெண் 20-ல் ஆரம்பித்து 80-ல் முடியும். 50 என்றால் மேஜர் லீக் சராசரி. இந்த மட்டத்துச் சராசரி இல்லை, மேஜர் லீக் சராசரி. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு சீசன் ஆனது. சிங்கிள்-ஏ மைதானத்தில் அடித்து நொறுக்குகிற பையனுக்கு "30" என்று பக்கத்து இருக்கையில் ஒருவர் எழுதினால் அவர் பையனை மட்டம் தட்டவில்லை. நாளைக்கே மேஜர் லீகில் விட்டால் எப்படி ஆடுவான் என்கிறார். அதனால்தான் இரண்டு எண் எழுதுவார்கள்: இன்றைக்கு 30, வளர்ந்தபின் 55. முதல் எண்ணைக் கண்ணால் பார்த்து எழுதிவிடலாம். இரண்டாவது எண்ணில்தான் மொத்தச் சூதாட்டமும் இருக்கிறது.

பேட்டருக்கு ஐந்து திறன்: பந்தை மட்டையில் வாங்குவது, பலம், ஓட்டம், ஃபீல்டிங், எறியும் கை. ஐந்தையும் சமமாகக் கூட்டி வகுக்கக் கூடாது. முதலாவது இல்லையென்றால் மற்ற நாலும் சும்மா.

இதற்கு மைக்கேல் ஜோர்டனைவிட நல்ல உதாரணம் இல்லை. 1994-ல் கூடைப்பந்தை விட்டுவிட்டு பர்மிங்ஹாம் பேரன்ஸ் அணிக்காக நேரே டபுள்-ஏயில் இறங்கினார், 31 வயதில். 127 ஆட்டங்களில் பேட்டிங் சராசரி .202, அதாவது நூறு முயற்சிக்கு இருபது ஹிட். ஹோம் ரன் 3. ஸ்ட்ரைக்அவுட் 114. ஆனால் 30 ஸ்டீல், 51 வாக் (நான்கு பால் விட்டு ஃபர்ஸ்ட் பேஸுக்குச் சும்மா நடப்பது). அதாவது உலகத்தின் தலைசிறந்த உடம்பு, உழைப்பு, வேகம் எல்லாம் இருந்தது. பந்து வளையுமா வளையாதா என்று அரை நொடிக்குள் கண்டுபிடிக்கும் கண் மட்டும் வரவில்லை. பதினேழு, பதினெட்டு வயதில் ஆயிரக்கணக்கான பந்துகளைப் பார்த்துப் பழக வேண்டிய விஷயம் அது. என் நண்பர்கள் இதைக் கேலியாகச் சொல்வார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு மட்டையையே தொடாத ஒருவர் டபுள்-ஏயில் .202 எடுத்தது அதிசயம் என்பதுதான் என் கட்சி.

எங்கே உட்காருவது, எதைப் பார்ப்பது

வலது கை பேட்டரைப் பார்க்க ஃபர்ஸ்ட் பேஸ் பக்கம் உட்காருங்கள். அவர் நெஞ்சு உங்களைப் பார்த்து இருக்கும். இடது கை பேட்டருக்கு எதிர்ப்பக்கம். பிட்சரைப் பார்க்க ஹோம் பிளேட்டுக்கு நேர் பின்னால். ரேடார் துப்பாக்கியும் கையுமாக ஐந்தாறு பேர் உட்கார்ந்திருப்பார்கள், அவர்களுக்கு இரண்டு வரிசை பின்னால் இடம் பிடித்தால் வேகத்தை எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். மைனர் லீக் டிக்கெட் விலையில் இதற்கெல்லாம் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

பேட்டிங்கில் கிரிக்கெட் கண் உதவும், கெடுக்கவும் செய்யும். நமக்கு அழகான ஷாட் பிடிக்கும். இங்கே ஷாட்டைவிட, அடிக்காமல் விட்ட பந்துகளைக் கவனிக்க வேண்டும். ஸ்லைடர் ஒன்று ஸ்டிரைக் மாதிரி வந்து கடைசி நேரத்தில் வெளியே ஓடும். சில பையன்களுக்கு முன்கால் இறங்கியிருக்கும், கை அசையாது. மட்டை தோளிலேயே நிற்கும். சிலருக்கு இடுப்பு திரும்பிவிடும், மட்டை பாதி வழி வந்து மாட்டிக்கொள்ளும். முதலாமவனுக்கு ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள், ஸ்கோர்போர்டில் வெறும் "பால் ஒன்று" என்றுதான் வரும்.

தவறவிட்ட மட்டை வீச்சுகளிலும் இரண்டு ஜாதி. வெளியே ஓடும் பந்தைத் துரத்தித் தவறவிடுவது ஒன்று, நெஞ்சுக்கு நேரே நடுவில் வந்த ஃபாஸ்ட்பாலைத் தவறவிடுவது இன்னொன்று. 18 வயதில் துரத்துவது குணமாகக்கூடிய வியாதி. நடுவில் வருவதைத் தவறவிடுவது பெரும்பாலும் கையின் வேகம் போதாது அல்லது வீச்சின் பாதை சரியில்லை என்று அர்த்தம். அது மாறுவதைக் குறைவாகவே பார்த்திருக்கிறேன். சூரியோவின் ஸ்ட்ரைக்அவுட்களை நான் எண்ணினேனே தவிர இப்படிப் பிரித்துப் பார்க்கவில்லை. 2023-ல் டபுள்-ஏ போனபோது அவருடைய ஸ்ட்ரைக்அவுட் விகிதம் மளமளவென்று குறைந்தது. இத்தனைக்கும் அந்த சீசனின் முதல் பாதியில் அவர் ஆடிய டபுள்-ஏ சதர்ன் லீகில் பசைத்தன்மை கூட்டிய பந்தைச் சோதனைக்காக வைத்து ஆடினார்கள், பேட்டர்கள் எல்லோரும் திண்டாடினார்கள்.

ஃபவுல் பந்து எந்தப் பக்கம் போகிறது என்று குறித்துவையுங்கள். நேர் பின்னால் வலையில் அடித்தால் நேரம் சரி, உயரத்தில் மட்டும் நூலிழை தப்பு. மணிக்கு 95 மைல் பந்தை அப்படிப் பின்னால் தட்டுகிறவன் அடுத்ததை வெளுக்கக்கூடும். வலது கைக்காரர் எல்லாவற்றையும் ஃபர்ஸ்ட் பேஸ் பக்கத்துக் கூட்டத்துக்குள் அனுப்பிக்கொண்டிருந்தால் தாமதம். தேர்ட் பேஸ் டக்அவுட்டுக்குள் அனுப்பினால் அவசரம். நாலு முறை பேட் செய்ததில் ஒரு ஹிட்கூட இல்லாத ஒருவரைப் பற்றி இந்தக் குறிப்புகளை வைத்தே அரைப்பக்கம் எழுதலாம்.

பலத்தை எடைபோடுவது இதைவிடச் சுலபம், அதனால்தான் எல்லோரும் அதில் ஏமாறுகிறோம். பயிற்சியின்போது தூக்கி அடிப்பது ஒரு பலம், ஆட்டத்தில் வெளிப்படுவது வேறு. மைதானத்தின் அளவையும் பார்க்க வேண்டும். டர்ஹாமில் இடது மூலை 305 அடிதான், ஆனால் அங்கே 32 அடி உயரத்தில் ஒரு நீலச் சுவர் நிற்கிறது. உயரத் தூக்கிய சோம்பலான பந்து அதைத் தாண்டி ஹோம் ரன் ஆகும். நெற்றியடியாகப் போன பந்து சுவரில் மோதி இரண்டு பேஸோடு நின்றுவிடும். (அந்தப் பக்கம் இருக்கிற மரக் காளையின் மேல் அடித்தால் ஒரு ஸ்டேக் பரிசு. யாராவது அடிப்பார்களா என்று நான் காத்திருந்து காத்திருந்து பல நல்ல குறிப்புகளைக் கோட்டைவிட்டிருக்கிறேன்.) இப்போது பந்து மட்டையை விட்டுக் கிளம்பும் வேகம் ட்ரிபிள்-ஏ, சிங்கிள்-ஏயின் ஃபுளோரிடா ஸ்டேட் லீக் இரண்டுக்கும் பேஸ்பால் சாவன்ட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 95 மைலுக்கு மேல் போனால் பலமான அடி என்று கணக்கு. ஒருவருடைய அதிகபட்ச அடியை மட்டும் பார்க்காதீர்கள். அவருடைய நல்ல அடிகள் திரும்பத் திரும்ப எங்கே நிற்கின்றன என்று பாருங்கள்.

ஸ்டாப்வாட்ச்

பத்து டாலருக்குப் பொத்தான் வைத்த ஸ்டாப்வாட்ச் ஒன்று வாங்குங்கள். போன் வேண்டாம். திரையைத் தொட்டோமா இல்லையா என்று குனிந்து பார்ப்பதற்குள் ஆள் பேஸில் நிற்பார். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் ஸெபுலானில் எப்போதும் ஒரே இருக்கையில் உட்காரும் ஒரு பெரியவர். கையைச் சட்டைப்பைக்குள் விட்டபடியே பொத்தானை அழுத்துவார், கண் ஓடுகிறவரை விட்டு நகராது.

மட்டையில் பந்து பட்டதும் அழுத்தி, கால் ஃபர்ஸ்ட் பேஸைத் தொட்டதும் நிறுத்த வேண்டும். வலது கைக்காரருக்கு 4.3 நொடி என்றால் 50 மதிப்பெண். 4.2 வந்தால் 60, 4.0 வந்தால் 80. இடது கைக்காரர் பேஸுக்கு ஒரு எட்டுப் பக்கத்தில் நிற்பதால் ஒவ்வொன்றிலும் 0.1 குறைத்துக்கொள்ளுங்கள். எல்லா ஓட்டத்தையும் எழுதக் கூடாது. உடனே அவுட் என்று தெரிந்த பந்துக்கு யாரும் உயிரைக் கொடுத்து ஓட மாட்டார்கள். உள்மைதானத்தில் நெருக்கமாக முடியும் பந்துகளை மட்டும் எடுங்கள். பந்த் செய்துவிட்டு (மட்டையை நீட்டி மெதுவாகத் தட்டிவிட்டு) ஓடுவதைச் சேர்க்காதீர்கள், அப்போது மட்டை படும் முன்பே கால் கிளம்பிவிடும். மூன்று நல்ல ஓட்டம் கிடைக்க எனக்கு இரண்டு ஆட்டம் ஆகிறது.

அதே கடிகாரத்தில் கேட்சரையும் பார்க்கலாம். பந்து அவர் கையுறையில் சத்தம் போட்டதிலிருந்து செகண்ட் பேஸில் நிற்பவர் பிடிக்கும்வரை 2.0 நொடி சராசரி, 1.9 நன்று. பிட்சர் அசைந்ததிலிருந்து பந்து கேட்சரிடம் போக 1.3 நொடி சராசரி. இரண்டையும் கூட்டினால் 3.3. ஸ்டீல் செய்ய ஓடுகிறவருக்கு இருக்கும் நேரமே அவ்வளவுதான். ஒரு பிட்சர் 1.6 எடுத்தால் அங்கே ஸ்டீல் கொடுப்பது கேட்சரின் குற்றமில்லை. இப்போது பேஸ் 15 அங்குலத்திலிருந்து 18 அங்குலமாகப் பெருத்துவிட்டது, பிட்சர் ஃபர்ஸ்ட் பேஸுக்குத் திரும்பத் திரும்ப எறியவும் தடை. ஆகவே "50 ஸ்டீல்" என்று பழைய காலத்து மரியாதையோடு வாய்பிளக்க வேண்டாம்.

ஃபீல்டிங்கைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். எர்ரர் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். சிங்கிள்-ஏ மண்ணில் பந்து எப்படி எழும்பும் என்று கடவுளுக்கே தெரியாது, எட்டாத பந்தை எட்டிப்பிடித்து நழுவவிட்டவனுக்கும் எர்ரர்தான் விழும். முதல் இரண்டு அடியைப் பாருங்கள். ஷார்ட்ஸ்டாப், சென்டர் ஃபீல்ட், கேட்சர், இந்த மூன்று இடத்தில் நிற்கக்கூடியவர் பேட்டிங்கில் சுமாராக இருந்தாலும் மேலே போக வழி உண்டு. ஃபர்ஸ்ட் பேஸில் நிற்பவருக்கு மட்டை மட்டுமே சோறு.

பிட்சர்

மேஜர் லீகில் ஃபாஸ்ட்பால் சராசரி இப்போது சுமார் 94 மைல். மைனர் லீகிலும் 97, 98 போடுகிறவர்கள் மலிந்துவிட்டார்கள். அதனால் ரேடாரைப் பார்த்து மயங்குவதை நான் விட்டுவிட்டேன்.

இந்த இடத்தில் என் நண்பர்கள் தவறாமல் கேட்பார்கள்: "நம்ம ஊர்க்காரன் யாரும் வரலையா?" வந்தார்கள். 2008-ல் இந்தியாவில் நடந்த வேகப் பந்துவீச்சுப் போட்டி ஒன்றில் தேறிய ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் பிட்ஸ்பர்க் பைரேட்ஸில் சேர்ந்தார்கள். இருவரும் ஈட்டி எறிந்து பழகியவர்கள். இடது கைக்காரரான ரிங்கு சிங்கிள்-ஏ வரை ஏறினார், அப்புறம் காயம், பின்னாளில் மல்யுத்த மேடை. பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்து அவ்வளவு தூரம் போனதே பெரிது. வேகம் வாசல் வரை கூட்டிக்கொண்டு போகும். உள்ளே போக வேறு சரக்கு வேண்டும்.

அந்தச் சரக்கு எது? நான் முதலில் பார்ப்பது கேட்சரின் கையுறையை. எங்கே வைத்தார், எங்கே போய்ப் பிடித்தார். ஒரு இன்னிங்ஸில் பதினைந்து பந்து வீசினால் கையுறை அசையாமல் பிடித்தவை எத்தனை என்று கோடு போடுவேன். வாக் எண்ணிக்கையைவிட இது சீக்கிரம் உண்மையைச் சொல்லும். அடுத்து, மூன்றாவது ரகப் பந்து இருக்கிறதா. ஃபாஸ்ட்பால், ஸ்லைடர் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு முதல் சுற்று பேட்டர்களை முடித்துவிடலாம். இரண்டாம் சுற்றில் அதே ஆட்கள் வரும்போது சேஞ்சப் (ஃபாஸ்ட்பால் மாதிரித் தெரிந்து மெதுவாக வரும் பந்து) இல்லாதவர் மாட்டுவார். சேஞ்சப்பில் பார்க்க வேண்டியது கை. ஃபாஸ்ட்பால் போடும் அதே வேகத்தில் கை சுழன்று, பந்து மட்டும் எட்டு, பத்து மைல் குறைவாக வர வேண்டும். கையையே மெதுவாக்கிப் போடுகிறவரை சிங்கிள்-ஏ பையன்கள் கண்டுபிடிக்க மாட்டார்கள், டபுள்-ஏயில் கண்டுபிடித்து வேலிக்கு வெளியே அனுப்புவார்கள்.

ஐந்தாவது இன்னிங்ஸில் ஃபாஸ்ட்பால் வேகம் எவ்வளவு குறைந்திருக்கிறது, பேஸில் ஆள் நிற்கும்போது கட்டுப்பாடு கெடுகிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது ரகப் பந்தும் இல்லை, ஐந்தாவதில் நான்கு மைல் குறைகிறது என்றால் அவர் ஒரு இன்னிங்ஸ் ஆள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மேஜர் லீக் அணிகளுக்கு அப்படி ஏழெட்டுப் பேர் எப்போதும் வேண்டும்.

வீட்டுக்கு வந்து எண்களைத் திறக்கும்போது

பேட்டிங் சராசரியைக் கடைசியில் பாருங்கள். அதைவிட ஸ்ட்ரைக்அவுட், வாக் விகிதங்கள் சீக்கிரம் நிலைக்கு வரும். சுமார் 60 முறை பேட் செய்ததுமே ஸ்ட்ரைக்அவுட் விகிதம் ஓரளவு பேச ஆரம்பிக்கும், வாக் விகிதத்துக்கு ஏறத்தாழ அதைப்போல இரண்டு மடங்கு வேண்டும். மைதானத்துக்குள் விழுந்த பந்துகளில் எத்தனை ஹிட் ஆயின என்று ஒரு விகிதம் உண்டு. மேஜர் லீகில் அது .300-ஐ ஒட்டியே நிற்கும். சிங்கிள்-ஏயில் ஒருவருக்கு .420 இருந்தால் அதிர்ஷ்டமும் மோசமான ஃபீல்டிங்கும் கூடவே ஓடிவந்திருக்கின்றன.

லீக்கையும் பாருங்கள். ட்ரிபிள்-ஏயின் பசிபிக் கோஸ்ட் லீகில் ஆல்புகர்க்கி, ரீனோ மாதிரி உயரத்தில் இருக்கும் ஊர்களில் காற்று லேசு, பந்து பறக்கும். 20 ஹோம் ரன் அடித்தவரைப் பாதி விலைக்கு எடைபோடுங்கள், ரன்களை வாரிக் கொடுத்த பிட்சரைக் கொஞ்சம் மன்னியுங்கள். ஃபுளோரிடா ஸ்டேட் லீகில் நேர்மாறு. வசந்தகாலப் பயிற்சிக்குக் கட்டிய பெரிய மைதானங்கள், கனத்த காற்று. லீக்குக்கு லீக் இருக்கும் வித்தியாசத்தைச் சரிக்கட்டி, லீக் சராசரியை 100 ஆக்கித் தரும் ஒரு எண்ணை ஃபேன்கிராஃப்ஸ் தளம் போடுகிறது. 130 என்றால் சராசரியைவிட 30 சதவீதம் மேல். ஆனால் அந்த எண்ணுக்கு வயது தெரியாது. நீங்கள்தான் பக்கத்தில் எழுத வேண்டும்.

குணத்தைப் பற்றி எழுதுவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஹெல்மெட்டைத் தூக்கி எறிந்தவன் கெட்டவன், சிரித்தவன் நல்லவன் என்று நாம் எழுதுவதெல்லாம் பாதி நம்முடைய கதை. பதினெட்டு வயதில், மொழி தெரியாத ஊரில், பஸ்ஸில் ஆறு மணி நேரம் வந்து இறங்கிய பையன் அவன். ஒன்றை மட்டும் குறிப்பேன். தொடர் என்பது செவ்வாய் முதல் ஞாயிறு வரை அதே அணியோடு ஆறு ஆட்டம். செவ்வாயன்று ஒருவனை எந்தப் பந்தில் முடித்தார்களோ, ஞாயிறன்று அதே பந்து வரும்போது என்ன செய்கிறான்? அதற்காகவே ஒரே வாரத்தில் இரண்டு நாள் போவது உண்டு. வீட்டில் இதை விளக்குவது தனிக் கலை.

ஒரு பக்கம் எழுதுங்கள்

மேலே சொன்னதை வைத்து நான் எழுதும் பக்கம் இப்படி இருக்கும்: "வலது கை ஷார்ட்ஸ்டாப், 19 வயது, சிங்கிள்-ஏ, இரண்டு ஆட்டம், ஒன்பது முறை பேட். பந்தை வாங்குவது 30/50. பலம் 35/50, தோள் அகலம், இன்னும் சதை பிடிக்கும். ஓட்டம் 60, மூன்று முறை எடுத்தேன்: 4.18, 4.21, 4.20. ஃபீல்டிங் 45/55. கை 55. ஸ்லைடரைத் துரத்தித் தவறியது நான்கு, நடுவில் வந்த ஃபாஸ்ட்பாலைத் தவறவிட்டது ஒன்று. ஃபவுல் பெரும்பாலும் நேர் பின்னால். கணிப்பு: மேஜர் லீகில் அன்றாடம் ஆடுவான், நட்சத்திரம் ஆக மாட்டான். நான் தப்பாக வேண்டுமென்றால்: டபுள்-ஏயில் ஸ்லைடரைத் துரத்தாமல் விட்டுவிட ஆரம்பிக்க வேண்டும்."

கடைசி வரியை விடாதீர்கள். என்ன நடந்தால் நம் கணிப்பு பொய்யாகும் என்று அன்றைக்கே எழுதிவிட்டால், பின்னால் "எனக்கு அப்பவே தெரியும்" என்று கதை விட முடியாது. முழுநேர வேலையாகப் பார்க்கிறவர்களே தடுமாறுகிறார்கள். ஹோசே அல்டூவேயை ஆள் எடுக்கும் முகாமில் முதல் நாள் உயரம் போதாது என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாளும் வந்து நின்றார், 2007-ல் 15,000 டாலருக்கு ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணி எடுத்தது, 2017-ல் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினார். டொமினிகன் லீகில் மட்டும் ஆடியிருந்த ஜூனியர் கமினேரோவை 2021 நவம்பரில் கிளீவ்லாந்து அணி ஒரு பிட்சருக்குப் பதிலாக டாம்பா பேவுக்குத் தள்ளிவிட்டது. அந்த பிட்சர் கிளீவ்லாந்துக்காக மேஜர் லீகில் ஒரு பந்துகூட வீசவில்லை. கமினேரோ 2024-ல் டர்ஹாம் வழியாகப் போய், 2025-ல் 45 ஹோம் ரன் அடித்தார். டர்ஹாமில் அவர் மட்டை சுழன்ற வேகத்தைப் பற்றி என் நோட்டில் இரண்டு பக்கம் இருக்கிறது. ஆனால் அதற்குள் அவர் பெயர் ஊருக்கே தெரியும், ஆகவே அதை என் கணக்கில் வரவு வைக்க முடியாது.

2025 சீசனோடு மட்கேட்ஸ் ஸெபுலானைவிட்டுக் கிளம்பி, வில்சனுக்குக் குடிபோனார்கள். எனக்கு இன்னும் இருபது நிமிடம் கூடுதல் பயணம். நோட்டின் பின்னட்டையில் மூன்று வருடம் தள்ளித் தேதி போட்டு, அன்றைக்குத் திறந்து பார்க்க வேண்டிய பெயர்களை எழுதி வைத்திருக்கிறேன். இப்போதைக்கு ஆறு பேர். அதில் ஒருவர் ஃபர்ஸ்ட் பேஸ்மேன், சிங்கிள்-ஏயில் 24 வயது. எல்லாம் தெரிந்துதான் எழுதினேன். அந்த ஃபவுல் பந்து கார் நிறுத்துமிடத்தையும் தாண்டிப் போய்விட்டது, நான் என்ன செய்ய?